அத்தியாயம் 7: தேதி தாண்டிய தாள்களும் அட்டைகளும்

வீட்டுப் பெரியவர் காலமான பிறகோ, அக்ரஹாரத்து வீட்டை விற்றுவிட்டு ஃபிளாட்டுக்குப் போகும்போதோ, அலமாரியின் உள்ளறையிலிருந்து ஒரு கட்டு வெளியே வரும். ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் பாஸ்புக், பேங்கில் போடாமல் விட்ட செக், காலாவதியான டெபிட் கார்டு, சில 2,000 ரூபாய் நோட்டுகள், எழுதாத முத்திரைத்தாள், பழைய பாஸ்போர்ட். திருவனந்தபுரத்துக் கரமனையில் இப்படி ஒரு கட்டு இல்லாத வீடு குறைவு. பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வளைகுடாவிலோ இருப்பார்கள். லீவில் வந்தவர்கள் "இதெல்லாம் டேட் போயாச்சு" என்று சாக்கில் கட்டிவிடுகிறார்கள். அந்தச் சாக்கோடு நிஜப் பணமும் போய்விடுகிறது.

தாளில் அச்சிட்ட தேதி பெரும்பாலும் அந்தத் தாளுக்கு மட்டும்தான் கெடு. அதற்குப் பின்னால் இருக்கும் பணத்துக்கு அல்ல. செக் காலாவதியானாலும் கடன் தீர்ந்துவிடாது, கார்டு காலாவதியானாலும் கணக்கு மூடப்படாது. அதே சமயம் லைசென்ஸ், வாகன இன்ஷூரன்ஸ் போன்றவற்றைத் தேதி தாண்டி ஒரு நாள்கூடப் பயன்படுத்தக் கூடாது. எது எந்த வகை என்று பிரிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

## முதலில் பிரித்து வையுங்கள்

1. எதையும் கிழிக்காமல், தூக்கிப் போடாமல் மொத்தக் கட்டையும் மேஜையில் பரப்புங்கள். பாஸ்புக் நடுவிலும் பழைய டயரியிலும் செருகியிருக்கும் துண்டுத் தாள்களையும் எடுத்துக்கொள்ளுங்கள்.
2. நான்கு கவர் எடுத்து இப்படி எழுதுங்கள்: "பணம் வர வேண்டியது", "புதுப்பிக்க வேண்டியது", "இன்னும் செல்லும்", "அழிக்க வேண்டியது".
3. ஒரு நோட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: என்ன தாள், யார் பெயரில், யார் கொடுத்தது, என்ன தேதி, எவ்வளவு தொகை.
4. செக், டிடி, ரசீது எல்லாவற்றையும் இருபுறமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோ உங்கள் போனிலேயே இருக்கட்டும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். கணக்கு எண்ணும் கையெழுத்தும் சேர்ந்த படம் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.
5. "அழிக்க வேண்டியது" கவரை வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் திறக்க வேண்டும்.

கவனிக்க: முதல் நாளே அழிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. காலாவதியான டெபிட் கார்டிலிருந்துதான் அப்பாவுக்கு அந்த பேங்கில் கணக்கு இருந்தது என்பதே சில வீடுகளில் தெரிய வருகிறது.

## செக்

2012 ஏப்ரல் 1 முதல் செக், டிடி, பேங்கர்ஸ் செக் மூன்றுக்கும் ஆயுள் மூன்று மாதம். அதற்கு முன் ஆறு மாதமாக இருந்தது. அந்தப் பழைய கணக்கை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் ஏராளம், குறிப்பாகக் கோயில் கமிட்டி, சபா, குடியிருப்போர் சங்கம் ஆகியவற்றின் பொருளாளர்கள். நன்கொடைச் செக்குகளைச் சேர்த்து வைத்து "திருவிழா முடிஞ்சு மொத்தமா போடலாம்" என்று இருந்துவிடுகிறார்கள். கல்யாணத்தில் ஓதியிட்ட கவருக்குள் இருக்கும் செக்குக்கும் இதே கதிதான். தம்பதி ஊருக்குப் போய், குடித்தனம் வைத்து, கவர்களைப் பிரிக்கும்போது மூன்று மாதம் ஓடியிருக்கும்.

### செக் கையில் கிடைத்தால்

1. தேதியைப் பாருங்கள், குறிப்பாக வருஷத்தை. ஜனவரியில் எழுதிய செக்கில் பழக்க தோஷத்தால் போன வருஷத்தைப் போட்டுவிடுவார்கள். நேற்று எழுதிய செக்காகவே இருந்தாலும் பேங்குக்கு அது ஒரு வருஷப் பழசு, திருப்பித்தான் அனுப்பும்.
2. கெடுவை நாள் எண்ணிப் பார்க்காதீர்கள், மாதம் எண்ணுங்கள். ஜனவரி 10 தேதியிட்ட செக் என்றால் ஏப்ரல் 10-க்கு முன்பே போட்டுவிட வேண்டும். கடைசி நாள் வரை இழுக்க வேண்டாம். நடுவில் ஞாயிறு, இரண்டாம் சனி என்று ஏதாவது வந்து விழும்.
3. கெடு இன்னும் இருந்தால் அன்றைக்கே போடுங்கள். 2025 அக்டோபர் 4 முதல் செக்குகள் நாள் முழுவதும் தொடர்ச்சியாக கிளியரிங்குக்குப் போகின்றன. ஆனால் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள் உங்கள் பேங்க் அதை ஸ்கேன் செய்து அனுப்பினால்தான் அந்த வேகம். டிராப் பாக்ஸில் போட்டால் எந்த நேரத்தில் எடுப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கெடு நெருங்கியிருந்தால் கவுண்டரில் கொடுத்து முத்திரை வாங்குவதே நல்லது.
4. கெடு தாண்டியிருந்தால் போட்டுப் பார்க்க வேண்டாம். செக் திரும்பும், அதற்குக் கட்டணமும் பிடிக்கலாம். கெடு தாண்டித் திரும்பிய செக்கை வைத்து செக் மோசடி வழக்கும் போட முடியாது.
5. கொடுத்தவரிடம் புது செக் கேளுங்கள். கடிதமாகக் கேட்பது நல்லது. மாதிரி:

> ஐயா, தாங்கள் ……… தேதியிட்டு ……… பேங்கின் மீது எனக்குக் கொடுத்த ரூ. ……… க்கான ……… எண் செக் குறித்த காலத்துக்குள் பேங்கில் செலுத்தப்படாததால் காலாவதியாகிவிட்டது. செக் என்னிடம் பத்திரமாக உள்ளது. அந்தத் தொகைக்குப் புதிய செக் கொடுக்கவோ, கீழ்க்கண்ட கணக்குக்கு நேரடியாக அனுப்பவோ வேண்டுகிறேன். தொகை வந்ததும் பழைய செக்கைத் திருப்பித் தருகிறேன்.

6. பழைய செக்கை முன்னதாகவே கொடுத்துவிடாதீர்கள். பணம் வந்த பிறகு அதன் குறுக்கே "ரத்து" என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

### தேதியைத் திருத்தலாமா?

நீங்கள் திருத்தக் கூடாது. ஒரு எழுத்து, ஒரு எண்கூடக் கூடாது. வாங்கியவர் தன்னிச்சையாகத் தேதியை மாற்றினால் 1881-ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டப்படி அந்தச் செக்கே செல்லாததாகிவிடும். போலி ஆவணம் என்ற குற்றச்சாட்டும் வரலாம்.

செக் எழுதியவர் பழைய தேதியை அடித்துப் புதுத் தேதி போட்டு, பக்கத்தில் முழுக் கையெழுத்து இடலாம். ரிசர்வ் பேங்க் விதியில் தேதிக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. பெயரையோ தொகையையோ திருத்தினால் புதுச் செக் இலைதான் எழுத வேண்டும். தேதியைக்கூடத் திருத்துவதைவிடப் புது இலை வாங்குவதே நல்லது என்பேன். இப்போது பேங்குகள் செக்கின் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கின்றன, அடித்தல் திருத்தல் கண்ணில் பட்டால் யோசிப்பார்கள். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட செக்கானால், எழுதியவர் தன் பேங்குக்கு முன்கூட்டியே விவரம் தெரிவிக்கும் பாசிட்டிவ் பே ஏற்பாட்டில் புதுத் தேதியைச் சரியாகப் பதிந்தாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

### கொடுத்தவர் மறுத்தால்

செக் காலாவதியானதால் கடன் இல்லை என்று ஆகாது. பாக்கியை வசூலிக்க சிவில் வழக்குப் போடுவதற்குப் பொதுவாக மூன்று வருஷ அவகாசம் உண்டு. அந்த மூன்று வருஷம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதில்தான் சிக்கல் வரும். ஆகவே கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டு, வக்கீலிடம் சீக்கிரமாகவே போங்கள்.

அவர் புதுச் செக் கொடுத்து, அது பணமில்லாமல் திரும்பினால் கணக்கு வேறு. திரும்பிய தகவல் பேங்கிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள், அதுவும் தாண்டினால் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் வழக்கு பலவீனமாகிவிடும்.

### செக் எழுதியவர் நீங்களானால்

நீங்கள் கொடுத்த செக்கை யாரோ போடாமல் விட்டுவிட்டால் அந்தத் தொகை உங்களுக்கு மிச்சம் அல்ல. கணக்கில் அதை விட்டு வையுங்கள். புதுச் செக் கேட்டு வந்தால் பழைய இலையை வாங்கிக்கொண்டு கொடுங்கள். பழையது தொலைந்துவிட்டது என்றால், கெடு இன்னும் இருக்கும் பட்சத்தில் பேங்கில் பேமென்ட்டை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்த பிறகே புதியதை எழுதுங்கள்.

## டிடி

டிடியில் பணம் ஏற்கெனவே பேங்குக்குப் போய்விட்டது, ஆகவே பயம் குறைவு. கெடு தாண்டிய டிடியை வாங்கியவர், அதைக் கொடுத்த கிளைக்கே எடுத்துப் போய் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். புதுத் தேதியிட்டுத் தருவார்கள், அல்லது ரத்து செய்து கட்டணம் கழித்துக் கணக்கில் வரவு வைப்பார்கள். டிடி உங்கள் பெயருக்கு வந்தது, வாங்கியவர் வேறு ஒருவர் என்றால் அவருக்கே திருப்பி அனுப்புவதுதான் வழி. வாங்கியவர் யார் என்று மறந்துவிட்டால் டிடியின் முகத்தைப் பாருங்கள். 2018 செப்டம்பர் 15-க்குப் பிறகு கொடுத்தவற்றில் வாங்கியவர் பெயர் அச்சிட்டிருக்கும்.

## பேங்கே இல்லாமல் போனால்: பழைய எஸ்.பி.டி. தாள்கள்

கரமனைக்காரர்களுக்கு இந்தப் பகுதி மற்ற எதையும்விட முக்கியம். 1945-ல் திருவாங்கூர் பேங்க் என்று தொடங்கி, பிறகு ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் ஆன வங்கியின் தலைமை அலுவலகம் பக்கத்துப் பூஜப்புரையில்தான் இருந்தது. சம்பளம், பென்ஷன், மகள் கல்யாண டெபாசிட் எல்லாம் அங்கே வைத்திருந்த குடும்பங்கள் இந்தத் தெருக்களில் நிறைய. 2017 ஏப்ரல் 1-ல் அது ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவோடு இணைந்தது. பழைய செக் புத்தகங்கள் கொஞ்ச காலம்தான் செல்லுபடியாகின. கிளையை அடையாளம் காட்டும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகளும் மாறிவிட்டன.

- எழுதாத செக் இலைகள்: எதற்கும் உதவாது. அடியில் இருக்கும் எண் வரிசையையும் கணக்கு எண்ணையும் குறுக்கே வெட்டி அழியுங்கள்.
- பாஸ்புக்: பத்திரமாக வையுங்கள். அதில் இருக்கும் கணக்கு எண்ணைக் கொண்டே எஸ்.பி.ஐ. கிளையில் தேடச் சொல்லலாம்.
- டெபாசிட் ரசீது: முதிர்வுத் தேதி தாண்டியிருந்தாலும் பணம் பேங்கில்தான் இருக்கிறது. ஆனால் முதிர்ந்த நாளிலிருந்து சேமிப்புக் கணக்கு வட்டி, ஒப்பந்த வட்டி இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். எடுக்காமல் விடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம்.
- பங்குச் சான்றிதழ்: 10 எஸ்.பி.டி. பங்குக்கு 22 எஸ்.பி.ஐ. பங்கு என்று மாற்றிக் கொடுத்தார்கள். பழைய சான்றிதழ் எண்ணோடு எஸ்.பி.ஐ.யின் பங்குப் பதிவாளருக்கு எழுதிக் கேளுங்கள். இதைச் சாதாரணக் காகிதம் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

சிண்டிகேட் பேங்க் தாள் கிடைத்தால் கனரா பேங்குக்கும், கார்ப்பரேஷன் பேங்க், ஆந்திரா பேங்க் தாளென்றால் யூனியன் பேங்குக்கும், அலகாபாத் பேங்க் என்றால் இந்தியன் பேங்குக்கும், விஜயா பேங்க் என்றால் பேங்க் ஆஃப் பரோடாவுக்கும், லட்சுமி விலாஸ் என்றால் டி.பி.எஸ்.ஸுக்கும் போக வேண்டும்.

### தூங்கும் கணக்கை எழுப்புவது

இரண்டு வருஷம் வாடிக்கையாளர் வரவு செலவு செய்யாத கணக்கு செயல்படாத கணக்காகிவிடும். பத்து வருஷம் ஆனால் பணம் ரிசர்வ் பேங்கின் வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் போகும். அங்கே போனாலும் உங்கள் உரிமை போகாது. பேங்கிடமே கேட்டு வாங்கலாம், எத்தனை வருஷம் ஆனாலும்.

1. ரிசர்வ் பேங்க் 2023 ஆகஸ்டில் திறந்த உத்கம் இணையதளத்தில் உங்கள் மொபைல் எண்ணைப் பதிந்து தேடுங்கள். கணக்குதாரர் பெயரோடு பான், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, முகவரி போன்றவற்றில் ஒன்று வேண்டும்.
2. பெயரை எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். நம் பெயர்களுக்கு இது அவசியம். சுப்ரமணியம் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது, தமிழ்நாட்டில் 'ஏ' போடும் இடத்தில் திருவனந்தபுரத்தில் 'ஓ' போட்டு எழுதியிருப்பார்கள். இனிஷியல் முன்னாலோ பின்னாலோ இருக்கலாம், ஐயர் சேர்ந்திருக்கலாம், விடுபட்டிருக்கலாம். ஒரு தேடலில் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.
3. பெயர் கிடைத்தால் பான், ஆதார், இரண்டு போட்டோவோடு கிளைக்குப் போய் கேஒய்சி புதுப்பிக்கக் கேளுங்கள். கணக்கு இருந்த கிளைக்கே போக வேண்டும் என்றில்லை, அதே பேங்கின் எந்தக் கிளையும் போதும். செயல்படாத கணக்கை உயிர்ப்பிக்கக் கட்டணம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் பேங்க் விதி.
4. கணக்குதாரர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்றிதழும் நாமினியின் அடையாளமும் வேண்டும். நாமினி இல்லையென்றால் சிறு தொகைக்கு எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்ட உறுதிப் பத்திரம் போதும் என்பார்கள். பெருந்தொகைக்கு வாரிசுச் சான்றிதழ் கேட்பார்கள். எந்தத் தொகைக்கு எது என்று முதலிலேயே கேட்டு, பட்டியலை எழுதி வாங்கிக்கொண்டால் அலைச்சல் குறையும். தாள்கள் எல்லாம் சரியாக இருந்தால் 15 நாளுக்குள் தீர்க்க வேண்டும்.

கேரளத்துக்கென்று ஒரு குறிப்பு: அரசு ஊழியராக இருந்தவர் என்றால் ட்ரஷரி சேமிப்புக் கணக்கு இருந்திருக்கலாம். ட்ரஷரி ஒரு பேங்க் அல்ல, ஆகவே உத்கமில் வராது. கிராமத்துக் கூட்டுறவுச் சங்கமும் வராது, சிட்டி (சீட்டு) போட்ட கே.எஸ்.எஃப்.இ.யும் வராது. இந்த மூன்றுக்கும் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு அந்தந்த ஆபீஸுக்கு நேரில் போவதுதான் ஒரே வழி.

## கார்டுகள்

கார்டில் 05/27 என்று இருந்தால் 2027 மே 31 வரை செல்லும். ஜூன் 1-ல் அது பிளாஸ்டிக் துண்டு மட்டும். ஏ.டி.எம்.மில் செருகிப் பார்க்க வேண்டாம், எந்திரம் விழுங்கிக்கொள்ளலாம்.

1. கெடு மாதத்துக்கு இரண்டு மாதம் முன்பே பேங்கில் உங்கள் முகவரி சரியா என்று பாருங்கள். புதுக் கார்டு தபாலில் பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பிவிடுவது இங்கே சகஜம்.
2. புதுக் கார்டு வந்ததும் ஏ.டி.எம்.மில் பின் எண் அமைத்துச் செயல்படுத்துங்கள். ஆன்லைன் உபயோகம் முதலில் மூடித்தான் இருக்கும், வேண்டுமானால் நீங்கள்தான் திறக்க வேண்டும்.
3. பழைய கார்டில் தானாகக் கழியும் கட்டணங்கள் எவை என்று பட்டியலிட்டு ஒவ்வொன்றையும் மாற்றுங்கள். இன்ஷூரன்ஸ் பிரீமியம் முதலில். இதை மறந்துதான் பாலிசி லாப்ஸ் ஆகிறது.
4. பிறகு பழைய கார்டை வெட்டுங்கள். சிப், பின்புறக் கறுப்புப் பட்டை, மூன்று இலக்க எண் மூன்றும் துண்டாக வேண்டும்.

கிரெடிட் கார்டின் தேதி முடிந்தால் பாக்கியும் ஆண்டுக் கட்டணமும் தானாக முடிவதில்லை. வேண்டாம் என்றால் மூடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

### கிஃப்ட் கார்டு

பேங்க் கொடுத்த கிஃப்ட் கார்டில், வாலட்டில் மிச்சமிருக்கும் தொகை தேதி முடிந்ததும் போய்விடும் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது தவறு. ரிசர்வ் பேங்க் விதிக்கு உட்பட்ட முன்பணக் கார்டுகளில், கெடு தாண்டிய பிறகும் மிச்சத் தொகையைக் கேட்டால் உங்கள் பேங்க் கணக்குக்குத் திருப்பித் தந்தாக வேண்டும். கார்டு எண்ணோடு கொடுத்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். ஒரு ஜவுளிக்கடையோ நகைக்கடையோ தன் கடைக்கு மட்டும் கொடுக்கும் கூப்பனுக்கு இந்த விதி பொருந்தாது. அதற்குக் கடை மேனேஜரிடம் பேசித்தான் பார்க்க வேண்டும், கேட்டால் பல சமயம் கொடுக்கிறார்கள்.

## ரூபாய் நோட்டு

2,000 ரூபாய்: 2023 மே 19-ல் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்வதாக அறிவித்தார்கள். செல்லாது என்று அறிவிக்கவில்லை. பேங்குகளில் மாற்றும் காலம் 2023 அக்டோபர் 7-ல் முடிந்தது. அதன் பிறகு நாட்டில் 19 ரிசர்வ் பேங்க் அலுவலகங்களில் மட்டுமே மாற்ற முடியும். அவற்றில் ஒன்று நம் பேக்கரி ஜங்ஷனில் இருக்கிறது. மதுரைக்காரரும் கோவைக்காரரும் வேறு ஊருக்குப் போக வேண்டும், கரமனையிலிருந்து உங்களுக்கு நகரப் பேருந்து தூரம்தான்.

1. ஆதார், பேங்க் பாஸ்புக் நகல், பான் எடுத்துக்கொள்ளுங்கள்.
2. ரொக்கமாக மாற்றுவதானால் ஒரு முறைக்கு 20,000 ரூபாய் வரை, அதாவது 10 நோட்டு. அதற்கு மேல் இருந்தால் உங்கள் பேங்க் கணக்கில் வரவு வைக்கச் சொல்லுங்கள்.
3. நடக்க முடியாத பெரியவர்கள் எந்தத் தபால் நிலையத்திலிருந்தும் ரிசர்வ் பேங்க் அலுவலகத்துக்கு நோட்டுகளை இன்ஷூர் செய்து அனுப்பலாம். கணக்கில் வரவாகும்.
4. புறப்படும் முன் ஏற்பாடு தொடர்கிறதா என்று ரிசர்வ் பேங்க் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

2016 நவம்பர் 8-ல் செல்லாமல் போன பழைய 500, 1,000: எங்கேயும் மாற்ற முடியாது. 2017-ல் வந்த சட்டப்படி பத்து நோட்டுக்கு மேல் வைத்திருப்பதே குற்றம். நாணயம் சேர்ப்பவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் மட்டும் 25 வரை அனுமதி. அபராதம் 10,000 ரூபாய் அல்லது முகமதிப்பில் ஐந்து மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது. ஞாபகத்துக்கு ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை: "பழைய நோட்டுக்கு லட்சம் தருகிறோம், ரிசர்வ் பேங்க் கமிஷன் மட்டும் முதலில் கட்டுங்கள்" என்று போனில் வருபவர்கள் எல்லோரும் திருடர்கள். ரிசர்வ் பேங்க் இப்படி யாரிடமும் கமிஷன் கேட்பதில்லை என்று அதுவே அறிவித்திருக்கிறது.

## முத்திரைத்தாள்

ஆறு மாதம் ஆனால் முத்திரைத்தாள் காலாவதி என்பது ஊர் முழுக்க உள்ள நம்பிக்கை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: இந்திய முத்திரைச் சட்டத்தில் தாளுக்குக் காலாவதித் தேதி என்று ஒன்று இல்லை. எழுதாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கத்தான் ஆறு மாதக் கெடு. பழைய தாளில் எழுதினார்கள் என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாததாகாது.

ஆனாலும் இரண்டு விஷயங்களில் ஜாக்கிரதை வேண்டும். பழைய தாளில் இன்றைய தேதியைப் போடுங்கள், தாள் வாங்கிய தேதியைப் போடாதீர்கள். முன்தேதியிட்டு எழுதுவது மோசடி. அடுத்து, பல வருஷம் பழைய தாளைக் கண்டால் எதிர்த்தரப்பு வக்கீல் சந்தேகம் கிளப்புவார், ஆகவே வாடகை ஒப்பந்தம் போன்ற சிறு காரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஆதாரம் (பத்திரம்) எழுத ஆவண எழுத்தரிடம் கேட்டு இ-ஸ்டாம்ப் எடுப்பதே சரி.

## ஒரு நாள்கூடத் தாண்டக் கூடாதவை

ஓட்டுநர் லைசென்ஸ். முன்பு தேதி முடிந்து 30 நாள் சலுகை இருந்தது. 2019 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். முடிவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்து ஒரு வருஷத்துக்குள் என்றால் தேர்வு வேண்டாம், அதற்கு மேல் என்றால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். 40 வயது தாண்டியவர்களுக்கு டாக்டர் சான்று வேண்டும். 55 தாண்டினால் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். ஓய்வு பெற்றவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள், பழைய நீண்ட கெடுவே மனதில் நிற்கிறது.

வாகன இன்ஷூரன்ஸ். தேதி முடிந்த வண்டியை கரமனை ஜங்ஷன் வரைகூட எடுக்காதீர்கள். விபத்து நடந்தால் நஷ்ட ஈடு முழுவதும் உங்கள் தலையில் விழும். கம்பெனிக்காரர் வீட்டுக்கு வந்தோ வீடியோவிலோ வண்டியைப் பார்த்த பிறகுதான் முழுப் பாலிசி கிடைக்கும். முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்தால் கிளைம் இல்லாத வருஷங்களுக்கான தள்ளுபடி தப்பும்.

எல்.ஐ.சி. பாலிசி. இதற்கு மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு: மாதாந்திரப் பிரீமியத்துக்கு 15 நாளும் மற்றவற்றுக்கு 30 நாளும் அவகாசம். லாப்ஸ் ஆனாலும் கட்டாத முதல் பிரீமியத்திலிருந்து ஐந்து வருஷத்துக்குள் வட்டியோடு கட்டி உயிர்ப்பிக்க வாய்ப்பு உண்டு. பாலிசிப் பத்திரத்தை அழிக்கும் கவரில் போட்டுவிடாதீர்கள்.

பாஸ்போர்ட். முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே புதியதற்கு விண்ணப்பிக்கலாம். பல நாடுகள் பயணத்தின்போது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்கின்றன, ஆகவே அட்டையில் உள்ள தேதிக்கு ஆறு மாதம் முந்தியதையே உங்கள் கெடுவாக எடுத்துக்கொள்ளுங்கள். ரத்து முத்திரையிட்ட பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட வேண்டாம். பேத்தியைப் பார்க்க அமெரிக்கா போன விசா அதில் இருந்து, அதன் தேதி முடியாமல் இருந்தால், பழையதையும் புதியதையும் சேர்த்து எடுத்துப் போனால் போதும்.

## தேதி பெயரைச் சொல்லி வரும் ஏமாற்று

"உங்கள் கார்டு இன்றோடு எக்ஸ்பயர் ஆகிறது", "கேஒய்சி முடிந்துவிட்டது, கணக்கு முடங்கும்", "ஆதார் காலாவதி" என்று வரும் அழைப்புகளுக்குக் குறி வயதானவர்கள்தான். பெரியவர்களுக்குத் தேதியைப் பற்றி இருக்கும் பயமே ஏமாற்றுபவர்களின் முதலீடு.

- ஓடிபி, பின், கார்டின் பின்புற எண் எதையும் எந்த பேங்கும் போனில் கேட்காது.
- பெரியவர்களின் ஆதார் எண்ணுக்குக் காலாவதி கிடையாது.
- வந்த லிங்கைத் தொடாதீர்கள், அனுப்பிய செயலியை ஏற்றாதீர்கள். கிளைக்கு நேரில் போங்கள்.
- பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள், அடுத்து பேங்குக்கு. மூன்றாம் நபர் செய்த மோசடியில் உங்கள் தவறும் பேங்கின் தவறும் இல்லாதபோது, தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்குப் பொறுப்பு இல்லை. நாள் கூடக்கூட உங்கள் பங்கு கூடும். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், பேங்குக்குத் தெரிவிக்கும் வரை போனது உங்கள் கணக்கில்தான் சேரும்.

## பேங்க் கேட்கவில்லை என்றால்

1. கிளையில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள்.
2. 30 நாளுக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் பேங்கின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். இணையத்தில் பதியலாம், வழி கேட்க 14448 என்ற இலவச எண்.
3. தொடக்கத்தில் எழுதிய நோட்டும், இருபுறமும் எடுத்த போட்டோக்களும், ஸ்பீடு போஸ்ட் ரசீதுகளும் இப்போதுதான் கை கொடுக்கும். புகாரோடு அவற்றின் நகலை இணைத்து, மூலத்தை வீட்டிலேயே வையுங்கள்.
4. முடிவு வந்து, பணமும் வந்து சேர்ந்த பிறகு "அழிக்க வேண்டியது" கவரைத் திறந்து, ஒவ்வொரு தாளையும் நோட்டில் உள்ள வரியோடு ஒத்துப் பார்த்து வெட்டுங்கள்.